சுவரில் தேதி போட்டவர்

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு முதன்முதலாக வந்த அன்று பெண்கள் சட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்தால் அது மீன்காரனாகத்தான் இருக்க வேண்டும். நமுனுகுல பக்கம் வேறு யாரும் சைக்கிள் வைத்துக்கொள்வதில்லை. இறக்கத்தில் பிரேக் தாங்காது. ஏற்றத்தில் ஆள் தாங்கமாட்டான்.

அவர் சட்டிகளைப் பார்த்தார். பெண்கள் அவருடைய சைக்கிளின் பின்பக்கம் பெட்டியைத் தேடினார்கள். பெட்டி இல்லை. ஒரு சாக்கு மட்டும் மடித்துக் கட்டியிருந்தது.

"மீன் இல்லீங்களா?"

"என்னா?"

"மீனு! மீனு!"

"மீன் இல்ல. வெடிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. நேராக நடந்து லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு வந்தார். அது என் வீடு. மலைப்பக்கச் சுவரில் கூரையிலிருந்து இறங்கி வந்த வெடிப்பைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கிற தட்டைப் பென்சிலை எடுத்து, வெடிப்பு முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு கிழித்து, அதன் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாலு மணிக்குக் கீழே கல்குவாரியில் வெடி வைத்தார்கள். அவர் கண்ணை மூடித் திறந்தார். கையை எடுத்தார். சாக்கைத் தட்டிச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று நான் கேட்டேன். நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை.

நான் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. அவருக்கோ காது பாதி போயிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் குவாரியில் கல்லில் துளை போடுகிற மெஷினைப் பிடித்தவர். அதனால் மூன்று வருடம் மாதம் ஒரு முறை பார்த்தும் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் முக்கால்வாசி அவர் பேசியது.

தெமோதரையில் ரயில் பாதைக்குக் கீழே அவருடைய வீடு. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே புறப்படுவார். பதுளைக்கு வந்து, பசறைக்கு ஏறி, பன்னிரண்டு மணி வெடிக்குப் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நிற்பார். அங்கிருந்து மலை ஏறி நாலு மணி வெடிக்கு எங்களிடம் வருவார். எங்கள் லயத்தைத் தாண்டினால் இறக்கம். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். வழியில் ஏழெட்டு லயங்கள். யாரும் அவரை அனுப்பவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. துணைக்கும் யாரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார். ஒருநாள் குவாரி டிப்பர்க்காரன் ஒருவன் பாவப்பட்டு நிறுத்தி, "சைக்கிளைப் பின்னால போட்டுட்டு ஏறுங்க ஐயா" என்று சொன்னானாம். "நீ போ. நான் பார்த்துக்கிட்டு வரணும்" என்று அனுப்பிவிட்டாராம். ரோட்டோரத்து மதகுகளிலும், புதிதாகத் தண்ணீர் கசிகிற பாறைகளிலும் கூட அவருடைய பென்சில் தேதி இருக்கும்.

எதை எழுதினாலும் அது இருக்கிற இடத்திலேயே எழுதுவார். அதுதான் அவர். அவரிடம் கொப்பி கிடையாது. காகிதத் துண்டு கூடக் கிடையாது. டியூப் ஒட்டிய தேதி சைக்கிள் மட்காட்டில் இருக்கும். செயின் மாற்றிய தேதி செயின் மூடியில் இருக்கும். செருப்பின் உட்புறத்தில்கூட வாங்கிய தேதியைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் ஒரு அக்கா இருக்கிறார். வாய் ஓயாது. ஒருமுறை அவர் தன் புருசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன்பக்கத்து இஸ்தோப்பில் நிறுத்தினார்.

"அண்ணே, இந்தா, இந்த ஆளு நெத்தியிலயும் ஒரு தேதி போட்டுட்டுப் போங்க. குடிய விடுறேன்னு நேத்துத்தான் சத்தியம் பண்ணாரு. அடுத்த மாசம் வர்றப்ப எவ்வளவு தூரம் வெடிச்சிருக்குன்னு பாத்துக்குவோம்."

அவர் பென்சிலை எடுத்தேவிட்டார். அந்த மனிதர் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடினார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொப்பியில் எழுதினால் லேசாக இருக்குமே என்று நான் ஒருதரம் கேட்டேன். இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"காயிதத்துல எழுதுனா காயிதம் என்கூட வந்துரும் தம்பி. வெடிப்பு இங்கதான இருக்கு?" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, மற்றதையும் சொன்னார். குவாரியில் ஒரு புத்தகம் உண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை துளை, எவ்வளவு மருந்து என்று அதில் எழுத வேண்டும். அவர் முப்பது துளை போடுவார். புத்தகத்தில் பன்னிரண்டு என்று இருக்கும். கீழே அவர் கையெழுத்து வைப்பார். தினமும் பின்னேரம், வருடக்கணக்காக. பிறகு பக்கத்து லயத்துக்காரர்கள் வீடு ஆடுகிறது என்று பெட்டிசம் கொடுத்தபோது குவாரிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தார்களாம். பன்னிரண்டு துளைக்கு எந்தச் சுவரும் ஆடாது என்று சொல்லி முடித்துவிட்டார்களாம்.

"எல்லாப் பக்கத்துலயும் என் பேருதான்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. லயமே திரும்பிப் பார்த்தது.

மீரியபெத்தவில் மண் இறங்கி லயங்களே புதைந்த பிறகு, மலைப்பக்கத்தில் வெடிப்பைப் பார்த்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் படுக்க விடமாட்டோம். மழை பிடித்தால் தோட்டத்தில் சொல்லிவிடுவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள் என்று. பாயைச் சுருட்டிக்கொண்டு போவோம். காலையில் வந்து பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்போம். ஆபத்தான இடம் என்று அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்த்து எழுதினால்தான் வேறு இடத்தில் வீடு. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த எழுத்து ஒன்றுதான். என் சுவரில் அப்போது மூன்று வருடத் தேதிகள் இருந்தன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் முதலில் ஒரு விரல் அகலம், பிறகு இரண்டு விரல், மழை மாதங்களில் ஒரு சாண். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அதைப் படிக்க முடிந்தது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்போம். "மேல பூசிறாதீங்க" என்று அவர் ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த வியாழக்கிழமை மண்சரிவு பார்க்கிற மாத்தயா, அரசாங்கத்து அதிகாரி, வருகிறார் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருநாள் தகவல் வந்தது. தேதி போடுகிறவர் வருகிற அதே வியாழக்கிழமை. கடவுளே கொண்டுவந்து சேர்த்தது போல இருந்தது.

நாங்கள் செய்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது அது தப்பு என்றே தெரியவில்லை. வெளியிலிருந்து பெரிய ஆள் யார் வந்தாலும் லயத்தைக் கூட்டுவோம். தண்ணீர் போகிற கான்களை வாருவோம். தொரை வந்தாலும் அப்படித்தான், டொக்டர் வந்தாலும் அப்படித்தான். என் அப்பா காலத்திலும் அப்படித்தான். அழுக்காக இருந்தால் ஏசுவார்கள். அந்தப் பயம் கைக்குள்ளேயே இருக்கிறது. யாரும் சொல்லாமலே பன்னிரண்டு காம்பராவிலும் சுண்ணாம்பு கரைத்தார்கள்.

புதன்கிழமை தேயிலைச் செடி கவ்வாத்து முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை களிமண். முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி.

"உள்ள போய்ப் பாருங்க" என்றாள்.

சுவர் பளிச்சென்று இருந்தது. களிமண்ணோடு மிச்சம் கிடந்த சீமெந்தையும் சேர்த்து வெடிப்பை அடைத்து, ஈரத்துணியால் தேய்த்து மட்டமாக்கி, மேலே இரண்டு பூச்சு வெள்ளையடித்திருந்தாள். எங்கே வெடிப்பு இருந்தது என்று எனக்கே தேடவேண்டியிருந்தது.

"அந்தத் தேதியெல்லாம்..." என்றேன்.

"அந்த மாத்தயா கிட்ட மெஷினு இருக்குமாம். உள்ளுக்குள்ள இருக்கிறதயே காட்டுமாம். வெளிய இந்த அசிங்கம் எதுக்கு? ஆளு வாற நேரத்துல நம்மள என்னா நினைப்பாங்க?"

அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோசமாக இருந்தாள். ஒரு கத்தியை எடுத்து அதைச் சுரண்டியிருக்கலாம். ஈரம் காய்ந்திருக்கவில்லை. நான் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

மாத்தயா நல்ல மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போனார். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். கிராம சேவகரும் கூட வந்திருந்தார். மெஷின் ஒன்றும் இல்லை. ஒரு ஃபைலும் ஒரு அளவு நாடாவும் ஃபோனும்தான். முதல் காம்பராவிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லா வீடும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் வீட்டில் மனைவி நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். "வீட்டை நல்லா வச்சிருக்கீங்க" என்று சிங்களத்தில் சொன்னார். என் மனைவி முகத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்றைக்கு நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். சைக்கிள் சாவியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். சுண்ணாம்பும் களிமண்ணும் தரையில் உதிர்ந்தன. வெடிப்பு வெளியே வந்தது. தேதிகள் வரவில்லை.

மாத்தயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது என்ன? என் கண் முன்னாலேயே சுவரை உடைக்கிறாரே?"

கிராம சேவகர் அவருடைய காதருகே போய்த் தமிழில் கத்தினார். "எதுக்கு ஒடைக்கிறீங்கன்னு கேக்குறாரு!"

"ஒடைக்கல! இருந்தது! மூணு வருசத்துத் தேதி இருந்தது!"

"எங்கே எழுதி வச்சிருக்கீங்க? புத்தகம் இருக்கா?" என்று மறுபடி கத்தினார் கிராம சேவகர்.

"இங்கதான்! இந்தச் சுவத்துலதான்!"

மாத்தயா அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்தவர் போல இருந்தார். வீடு கிடைக்கும் என்று சுவரைத் தாங்களே இடித்துக் காட்டுகிறவர்களும் உண்டுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே வீட்டுக்காரர்? நீங்க சொல்லுங்க. இங்கே வெடிப்பு இருந்ததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் லயமே நின்றது. என் மனைவி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருந்தது, அடைத்துவிட்டோம், இவள்தான் அடைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும். பெரிய ஆள் ஒருவர் கேட்கும்போது எங்கள் வாயில் எல்லாமே சின்னதாகிவிடும். வலியும் சின்னது, பசியும் சின்னது.

"பொடியா இருந்துச்சுங்க மாத்தயா" என்றேன்.

மாத்தயா அதை எழுதிக்கொண்டார்.

சுவரைச் சுரண்டியவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை. "என்னா சொன்னான்? என்னா சொன்னான்?" என்று கிராம சேவகரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிராம சேவகர் மாத்தயாவுக்குப் பின்னால் வெளியே இறங்கினார்.

எங்கள் லயம் ஆபத்தான இடங்களின் பட்டியலில் வரவில்லை. உடனடி ஆபத்து இல்லை என்று காகிதம் வந்தது. குவாரிக்குப் புது அனுமதியும் கிடைத்தது.

அடுத்த மாதமும் அவர் வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பூச்சுக்கு மேலே மயிர் போல ஒரு கோடு இறங்கத் தொடங்கியிருந்தது.

"தங்கச்சி நல்லாப் பூசியிருக்கு. கொத்தன்கூட இப்படிப் பூசமாட்டான்" என்றார்.

குத்திக் காட்டினாரா, மெச்சினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மயிர்க்கோடு முடிகிற இடத்தில் ஒரு தேதி போட்டார். அது ஒன்று மட்டும் அந்த வெள்ளையில் தனியாக நின்றது. நான் என்ன சொன்னேன் என்பதை யாராவது அதற்குள் அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் நான் ஒருநாள் பெரட்டுக்குப் போகாமல், ஃபெக்டரி வோச்சரிடம் பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு விடியும்போதே தெமோதரைக்கு இறங்கினேன். அவருடைய வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார். ஒருநாள் காலையில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எழும்ப முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஒரு பக்கம் கை வரவில்லையாம். மகள் கொழும்புப் பக்கம் வேலை செய்கிறாள். வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"இப்ப ஒரு மேல்மாடி ரூமுல இருக்காராம். பேச்சும் போச்சாம். எழுதிக் காட்டுங்கன்னு காயிதம் கொடுத்தா தள்ளி விட்றாராம்" என்றார். "நீங்க அவருக்கு யாருங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். சொந்தக்காரன் என்று நினைத்திருப்பார். ஒரே அறை. பெஞ்சு, அடுப்பு, கட்டில். கட்டிலுக்கு மேலே சுவரில், தலை வைக்கிற பக்கத்தில், ஒரு தேதி மட்டும் இருந்தது. பெயர் இல்லை, படம் இல்லை.

"அவங்க சம்சாரம் போன நாளு. அந்த எடத்துலதான் போனாங்க" என்றார் அந்த அம்மா. "நாங்க எவ்வளவோ சொன்னோம், அதை அழிச்சிட்டுப் படுங்கன்னு."

வந்த வழியே திரும்பியிருக்கலாம். ஏனோ பதுளைக்கு விட்டேன். அவருடைய வட்டத்தைச் சுற்றி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அது என்ன பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பசறை ரோட்டில் பாதித் தூரத்துக்கு மேல் ஏறி மிதிக்கவே முடியாது. தள்ளத்தான் வேண்டும். டிப்பர்கள் கல்லை ஏற்றிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் கானுக்குள் இறங்கி நின்றேன். வாயெல்லாம் கல்தூள். மதகுகளில் அவருடைய தேதிகள் இருந்தன. சில இடங்களில் கோட்டைத் தாண்டி வெடிப்பு வெகுதூரம் போயிருந்தது. அங்கே அடுத்த தேதி இல்லை. என்னிடமும் பென்சில் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்பேனா தெரியாது.

அந்தப் பசறைப் பக்கத்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். கைப்பிள்ளைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் இஸ்தோப்பில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு வரலீங்களா?"

"சுகமில்லீங்க. இனி வரமாட்டாருங்க."

அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

அவள் வீட்டுச் சுவரும் வெள்ளையாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் மாத்தயா வந்தப்ப நானும் அத்தையுமா அடிச்சது. நல்லா இருக்குன்னு சொன்னாரு" என்றாள். பிறகு, "வீடு குடுக்கிற பட்டியல்ல எங்க பேரு வந்திருக்கான்னு உங்களுக்கு ஏதும் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று தலையாட்டினேன். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இனி யாருங்க வருவாங்க?"

நான் கோப்பையை எடுக்கப் போனேன். கீழே குவாரியில் விசில் ஊதினார்கள். அவள் ஒரு கையால் தொட்டில் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையால் முந்தானையை இழுத்து என் கோப்பையை மூடினாள். பார்த்துச் செய்யவில்லை. பேச்சின் நடுவில் ஈயை ஓட்டுவது போலத்தான் செய்தாள். வெடித்தது. காலுக்கடியில் தரை ஒருமுறை ஏறி இறங்கியது. கூரையிலிருந்து தூள் விழுந்து அவளுடைய தலையிலும் முந்தானையிலும் படிந்தது. பிள்ளை எழும்பவில்லை.

அவள் முந்தானையைப் பக்கத்தில் உதறிவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"குடிங்க. ஆறிப்போகும்."